கன்டெஸாவுக்கு அஞ்சாவது கியர் போட்ட கிருஷ்ணகிரி பட்டறை – என் அனுபவம்

அப்பா 1988ல வாங்கின கன்டெஸா கார் இன்னும் எங்க வீட்லதான் இருக்கு. நாங்க தர்மபுரி. ஊருக்குள்ள ஓட்ட ஒரு குறையும் இல்ல, ஆனா நாலு வழிச்சாலைல ஏறினா 80 தாண்டின உடனே எஞ்சின் கதற ஆரம்பிச்சிடும், பின் சீட்ல அம்மா ஏதாவது சொன்னா காதுல விழாது, சேலம் போயிட்டு வந்தா ராத்திரி படுக்கறப்பவும் அந்த சத்தம் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கும். எஞ்சின் மேல தப்பு இல்ல. கன்டெஸா 1984ல வந்தப்போ உடம்பு வாக்ஸால் விக்டர் காரோடது, எஞ்சின் மட்டும் அம்பாசிடர்ல இருந்த அதே 1489 சிசி, சுமாரா 50 குதிரை சக்தி, நாலே கியர். நாலாவது நேரடி கியர், எஞ்சின் ஒரு சுத்து சுத்தினா ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டும் (கியர் பாக்ஸ்ல இருந்து பின் சக்கரத்துக்கு போற நீள தண்டு) ஒரு சுத்து. அதுக்கு மேல போட கியர் இல்ல, அவ்ளோதான். பின்னாடி இசுசு 1.8 எஞ்சினும் 5 கியரும் போட்டு வந்த கன்டெஸா கிளாசிக் ஓட்டினவங்களுக்கு இந்த கஷ்டம் தெரியாது.

எஞ்சின மாத்த எனக்கு மனசு வரல. அப்பா கைப்பட டாப்பட் அட்ஜஸ்ட் பண்ணின எஞ்சின், ஆர்சில இருக்கற நம்பரும் அதான். கியர் பாக்ஸ் மட்டும் மாத்தி ஓவர்டிரைவ், அதாவது எஞ்சின விட ஷாஃப்ட் வேகமா சுத்தற ஒரு கியர், கொண்டு வரலாம்னு ரெண்டு வருஷம் விசாரிச்சேன். பெங்களூர்ல ஒரு இடத்துல சொன்ன ரேட்டுக்கு இன்னொரு கன்டெஸாவே வாங்கிடலாம். கடைசில ஒரு லாரி ஓனர் சொல்லித்தான் இந்த பட்டறைக்கு போனேன், கிருஷ்ணகிரி ராயக்கோட்டை ரோட்ல இருக்கு, போர்டு கிடையாது, வாசல்ல எப்பவும் ரெண்டு பிக்கப் வண்டி போனட் தொறந்து நிக்கும், அதான் அடையாளம்.

முதல் நாளே எனக்கு நம்பிக்கை வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. நான் கியர் பாக்ஸ் பத்தி பேசிட்டே இருக்கேன், பட்டறைக்கார அண்ணன் காதுல வாங்கிட்டே நாலு பிளக்கையும் கழட்டி, சிலிண்டர் அழுத்தம் பாக்கற கம்ப்ரஷன் கேஜ் வெச்சுட்டாரு. "தம்பி, அஞ்சாவது கியர் போட்டா எஞ்சின் மெதுவா சுத்தும், மெதுவா சுத்தறப்போ இழுக்கற தெம்பு இருக்கணும், அது இல்லாத எஞ்சினுக்கு நான் இந்த வேலைய செய்ய மாட்டேன்"னாரு. நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி காட்டினப்புறம்தான் வேலைய பத்தியே பேசினாரு. அட்வான்ஸ் வாங்கறதுக்கு முன்னாடி இப்படி பாக்கற ஆள நான் வேற எங்கயும் பாக்கல.

ஆட்டோமேட்டிக் போட முடியுமான்னும் கேட்டேன், ஏன்னா அமெரிக்காவுல பழைய மஸல் கார் (பெரிய எஞ்சின் போட்ட வேகமான கார்) வெச்சிருக்கறவங்க இதத்தான் செய்றாங்க. ஷெவர்லே கார்ல இருந்த டர்போ 350 ஆட்டோமேட்டிக்க கழட்டிட்டு 1982ல வந்த 700ஆர்4 போடுவாங்க. பழசுல மூணு கியர், மூணாவதே நேரடி. புதுசுல நாலாவது கியர் ரேஷியோ 0.70, அதாவது அதே ஸ்பீடுல எஞ்சின் 30 சதவீதம் மெதுவா சுத்தினா போதும், முதல் கியரும் 2.52ல இருந்து 3.06 ஆகறதால கிளம்பறப்பவும் நல்லா இழுக்கும். ஆனா அதுல கார்புரேட்டர்ல இருந்து கியர் பாக்ஸுக்கு போற ஒரு கேபிள் இருக்கு, டிவி கேபிள்னு சொல்வாங்க, அது சரியா செட் ஆகலன்னா உள்ள ஆயில் பிரஷர் பத்தாம கொஞ்ச தூரத்துலயே கிளட்ச் பிளேட்டெல்லாம் கருகிடும். அண்ணன் பொறுமையா கேட்டுட்டு, அதெல்லாம் பெரிய வி8 எஞ்சினுக்கு சரி, உன் 50 குதிரைல பாதி தெம்ப டார்க் கன்வெர்ட்டரே (ஆட்டோமேட்டிக்ல கிளட்சுக்கு பதிலா இருக்கறது) தின்னுடும், ஒரு சீல் போனா கூட இங்க கிடைக்காதுன்னாரு. சரியான பேச்சு. அப்புறம் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணினது அம்பாசிடர் 1800 ஐஎஸ்இசட்ல வந்த இசுசு 5 கியர் பாக்ஸ்.

பாக்ஸ் சேலத்துல ஒரு பழைய இரும்பு கடைல 14,000 ரூபாய்க்கு கிடைச்சுது. கடைக்காரர் நல்ல கண்டிஷன்னு சத்தியம் பண்ணாத குறை, பிரிச்சா மூணாவது கியர் சிங்க்ரோ ரிங் (கியர் சத்தமில்லாம விழ உதவற வளையம்) தேஞ்சு பல்லே இல்ல. பிரிச்சு பாக்காம அப்படியே மாட்ட சொல்ற ஆட்கள் இருக்காங்க, தயவு செஞ்சு அவங்க பேச்ச கேக்காதீங்க.

இனி உண்மையான வேலை. இசுசு பாக்ஸோட பெல் ஹவுசிங், அதாவது கிளட்ச மூடி எஞ்சினோட சேர்ற கூடு, பழைய எஞ்சின்ல உக்காராது, போல்ட் ஓட்டை எதுவும் சேராது. நடுவுல ஒரு தடி பிளேட் கடைஞ்சு போடணும். ஓசூர்ல சிட்கோ பக்கம் லேத்துக்கும் மில்லிங்குக்கும் பஞ்சமே இல்ல, பெரிய கம்பெனிங்களுக்கு பார்ட்ஸ் கடையற சின்ன யூனிட்டுங்க எக்கச்சக்கம், அதுல ஒரு இடத்துல அண்ணனே கூட நின்னு கடைஞ்சு எடுத்துட்டு வந்தாரு, 9,500 ஆச்சு. கிளட்ச் பிளேட்டுக்கு வெளி சைஸ் பழசு, நடு ஹப் மட்டும் இசுசு ஷாஃப்ட்டோட ஸ்ப்லைனுக்கு (ஷாஃப்ட் மேல இருக்கற பல் வரி) மாத்தி ரிவெட் அடிச்சது, 3,200. எஞ்சினோட சுத்தற தண்டான கிராங்க் முனைல, கியர் பாக்ஸ் ஷாஃப்ட் நுனிய தாங்கற பைலட் புஷ் புதுசா கடைஞ்சு போட்டாரு, ஏன்னா புது பாக்ஸோட இன்புட் ஷாஃப்ட் மூக்கு வேற சைஸ்.

நான் இந்த பட்டறைய பத்தி எழுதணும்னு நெனச்சதே அடுத்து நடந்ததுக்காகத்தான். பிளேட்ட மாட்டி முடிச்சதும் பாக்ஸ ஏத்திடுவாங்கன்னு நெனச்சேன். அண்ணன் ஃப்ளைவீல்ல (கிராங்கோட சேந்து சுத்தற கனமான சக்கரம்) டயல் கேஜ (ரொம்ப சின்ன விலகல முள்ளுல காட்டற அளவு கருவி) மாட்டி, முள்ள பெல் ஹவுசிங் ஓட்டையோட உள் விளிம்புல வெச்சு, எஞ்சின கையால மெதுவா ஒரு சுத்து சுத்தினாரு. முள்ளு நாப்பது கோடு ஆடுச்சு, அதாவது 0.4 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. ஆனா கிராங்க் மையமும் கியர் பாக்ஸ் மையமும் அவ்ளோ விலகி நின்னா இன்புட் பேரிங் சீக்கிரம் போயிடும், கிளட்ச் உதறும், ஓடிட்டு இருக்கறப்பவே கியர் தானா நழுவும். பெல் ஹவுசிங்க சரியான இடத்துல நிறுத்தற டவல் பின்ன (dowel pin) கழட்டி, ஓட்டைய அடைச்சு, தள்ளி போட்டு, மறுபடி அளந்து, மறுபடி கழட்டி, காலைல ஒன்பதுக்கு ஆரம்பிச்சவரு சாயங்காலம் நாலு மணிக்கு முள்ளு எட்டு கோட்டுக்குள்ள வந்தப்புறம்தான் டீ குடிக்க போனாரு. இந்த ஒரு நாள் வேலைக்கு எவ்ளோ குடுத்தாலும் தகும்.

டைம் விஷயத்துல மட்டும் ரொம்ப பொறுமை வேணும். மூணு வாரம்னு சொன்னது ரெண்டரை மாசம் ஆச்சு. நான் வண்டி விட்டது ஏப்ரல் கடைசி, மே ஜூன்ல கிருஷ்ணகிரி முழுக்க மாங்கா லோடுதான், கூழ் ஃபேக்டரிக்கு போற வண்டி ஒண்ணு படுத்தா அதத்தான் முதல்ல பாப்பாரு, காய் அழுகிடுமே. அதுல எனக்கு கோவம் இல்ல. ஆனா ஃபோன எடுத்து இன்னும் பத்து நாள் ஆகும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தர்மபுரில இருந்து மூணு தடவை வீணா போயிட்டு வந்தேன். பில்லும் நோட்டு பேப்பர்ல எழுதின கணக்குதான்.

ப்ரொபெல்லர் ஷாஃப்ட்ட வெட்டி சின்னதாக்கணும், அத வெளில ஒரு இடத்துல குடுத்தாங்க, 4,500. வண்டி ஓட்டி பாத்தா 70ல தரைல இருந்து நடுக்கம், கண்ணாடில பின்னாடி வர்ற வண்டியே தெரியல. பேலன்ஸ் பண்ணிட்டோம்னு வாங்கின காசுக்கு அங்க பேலன்ஸே பண்ணல. அண்ணன் ஷாஃப்ட்ட கழட்டி வேற இடத்துக்கு அனுப்பி, இன்னொரு 1,800 செலவுல சரி பண்ணினப்புறம் நடுக்கம் சுத்தமா போச்சு. கியர் லிவர் பழைய ஓட்டைக்கு மூணு இஞ்ச் பின்னாடி வந்ததால டனல் தகடு (கியர் பாக்ஸுக்கு மேல இருக்கற தரை மேடு) வெட்டி டின்கரிங் பண்ணினது, பேரிங், சீல், ஆயில் எல்லாம் சேத்து 4,600, லேபர் 18,000. மொத்தம் 55,600.

இப்போ ரோட்டுக்கு வரேன். கிருஷ்ணகிரில வண்டிய எடுத்துட்டு காவேரிப்பட்டணம் தாண்டி ரோடு காலியானதும் அஞ்சாவது போட்டேன். முன்னாடி 80ல டாக்கோமீட்டர் 3,200 காட்டும், இப்போ 2,700. அம்மா பின் சீட்ல இருந்து, "ஏன்டா, வண்டிய நியூட்ரல்ல விட்டுட்டியா?"ன்னு கேட்டாங்க. காரிமங்கலம் வரைக்கும் நான் ஒண்ணும் பேசல, தொண்டை அடைச்சிடுச்சு, அப்பா இருந்திருந்தா அந்த சத்தமில்லாத வண்டிய ஒரு தடவை ஓட்டியிருப்பாரு.

மேட்டுல அஞ்சாவது வேலை செய்யாது, இத தெரிஞ்சுக்கிட்டு போங்க. ஓசூர் போறப்போ மேலுமலைல நாலாவதுக்கு வந்து, லாரி குறுக்க வந்தா மூணாவதுக்கும் வரணும், அடம்பிடிச்சு அஞ்சுலயே மிதிச்சா எஞ்சின் திணறி சூடாகும். அதவிட முக்கியம் தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் இறங்கறப்போ ஓவர்டிரைவ்ல விட்டா எஞ்சின் பிடிக்கவே பிடிக்காது, முழு பாரமும் பிரேக் மேல விழும், பழைய வண்டி பிரேக் அத தாங்காது. அந்த இறக்கத்துல எத்தனை விபத்து நடந்திருக்குன்னு நம்ம ஊர்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. நான் இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மூணாவதுக்கு வந்துடறேன். பெட்ரோல் ஹைவேல லிட்டருக்கு 9 குடுத்தது இப்போ பத்தரை கிட்ட வருது.

இன்னும் சரியாகாத ஒண்ணு ஸ்பீடோமீட்டர். ஃபோன் ஜிபிஎஸ் 71 காட்டறப்போ முள்ளு 80ல நிக்குது, பாக்ஸ்ல இருக்கற ஸ்பீடோ பினியன் (ஸ்பீடோமீட்டர் கேபிள சுத்தற சின்ன பல்சக்கரம்) பல்லு எண்ணிக்கை நம்ம வண்டிக்கு ஒத்து வரல. மேல சொன்ன 80 எல்லாம் ஜிபிஎஸ் கணக்குதான். வேற பினியன் தேடிட்டு இருக்காரு, கிடைச்சா காசு வேணாம்னு சொல்லியிருக்காரு.

பழைய கன்டெஸா, அம்பாசிடர் வெச்சிருக்கறவங்க போறதா இருந்தா மாங்கா சீசன் முடிஞ்சு ஆகஸ்ட்டுக்கு மேல விடுங்க. கியர் பாக்ஸ நீங்களே வாங்கிட்டு போகாதீங்க, அவரையும் கூட்டிட்டு போய் வாங்குங்க, பெட்ரோல் காசு மட்டும்தான் கேப்பாரு. டயல் கேஜ் வெக்கற அன்னிக்கு லீவு போட்டாவது பக்கத்துல நில்லுங்க.