தேக்கா மாடியில் நம்பிப் போகக்கூடிய தையல்கடை

தமிழ் மேடை நாடகங்களுக்கு உடை வடிவமைப்பவள் நான். சிங்கப்பூர் தேக்கா சென்டர் மாடியில் இருக்கும் இந்தத் தையல்கடைக்கு மூன்று நாடகங்களாகப் போகிறேன்.

கல்யாண உடை வேறு, மேடை உடை வேறு என்பது இங்கே தைக்கும் அக்காவுக்கு நன்றாகப் புரிகிறது. போன நாடகத்தில் நாயகி 40 நொடிக்குள் புடவை மாற்ற வேண்டியிருந்தது. கொசுவத்தை இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைத்து, ஓரத்தில் வெல்க்ரோ வைத்துக் கொடுத்தார். பிரிக்கும்போது சர்ரென்று சத்தம் வருகிறது, சின்ன அரங்கில் முன்வரிசைக்குக் கேட்டுவிடும் என்றேன். உடனே அதைப் பிரித்துவிட்டுப் பெரிய கொக்கிகள் வைத்தார். அதற்குத் தனிக் கூலி வாங்கவில்லை. ரவிக்கையின் உள்தையலில் ஒரு அங்குலம் துணியும் விட்டிருந்தார். நடிகை மாறினாலும் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

துணி எடுக்கும் முன் ஒரு துண்டு வெட்டிக் கேளுங்கள், தருவார். அதை ஒளி வடிவமைப்பாளரிடம் காட்டி, விளக்கின் கீழ் பார்த்த பிறகுதான் நான் முடிவு செய்வேன். ஆரஞ்சு வெளிச்சத்தில் நீலம் கறுத்துப்போகும்.

ஒரு குறை: உடை ஒத்திகைக்கு ஒரு நாள் தாமதமாகத்தான் துணி கைக்கு வந்தது. நடிகர்கள் கைலியோடு ஒத்திகை பார்த்தார்கள். அப்புறம், தீபாவளி நெருக்கத்தில் கொடுக்காதீர்கள்.