காங்கேசன்துறை சீமெந்துக் கிளைப்பாதை: திரும்பப் போடுவதா, துறைமுகத்துக்குத் திருப்புவதா, விட்டுவிடுவதா?

கொழும்பு பழைய சோனகத் தெருவில் எங்கள் ஹார்ட்வெயார் கடை. வாசல்படிக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி நீளத்தில் ஒரு தண்டவாளத் துண்டு கிடக்கிறது. வளைந்த கம்பியை அதன் மேல் வைத்துத்தான் கடைப் பெடியன்கள் தட்டி நிமிர்த்துவார்கள். மேல்பக்கம் தேய்ந்து மினுங்கும், இரண்டு பக்கமும் துரு. அப்பா எழுபதுகளில் வாங்கிப் போட்டது. 1983 ஜூலையில் கடை எரிந்தபோது கணக்குப் புத்தகம், தராசு, மரத் தட்டுகள் எல்லாம் போய்விட்டன. சாம்பலைக் கிளறி நாங்கள் வெளியே எடுத்த ஒரே சாமான் இந்தத் துண்டுதான்.

அந்தக் காலத்தில் எங்கள் கடைக்குச் சீமெந்து யாழ்ப்பாணத்தின் வடகரையிலுள்ள காங்கேசன்துறையிலிருந்து ரயிலில் வந்தது. பள்ளிக்கூடம் விட்டபிறகு அப்பாவோடு மருதானை குட்ஸ் ஷெட்டுக்குப் போயிருக்கிறேன். நாட்டாமிமார் தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு பை பையாக இறக்குவார்கள். தையல் ஓரத்தால் கசியும் தூள் அவர்களுடைய கண்ணிமை மயிரில் படிந்து, எல்லாருமே கிழவர்களைப் போலத் தெரிவார்கள். அந்தச் சீமெந்தை ஏற்றிவிட, தொழிற்சாலைக்குள் போன ரயில் கிளைப்பாதையைப் பற்றித்தான் இந்த அலசல். தொழிற்சாலை நின்று 35 வருடங்கள் கடந்துவிட்டன. கிளைப்பாதையை என்ன செய்வது என்று வெள்ளவத்தையில் நாலு யாழ்ப்பாணத்தார் கூடினால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒவ்வொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கனகாலமாக எண்ணம்.

முதலில் பின்னணி. ஜி. ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950 இல், காங்கேசன்துறையில் சீமெந்து உற்பத்தி தொடங்கியது. சுண்ணாம்புக் கல் அங்கேயே நிலத்துக்குள் இருந்தது. களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. முடிந்த சரக்கு ரயிலிலேயே தெற்குக்கு இறங்கியது. வருகிற வண்டியிலும் பாரம், போகிற வண்டியிலும் பாரம். சரக்கு ரயிலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. 1990 ஜூனில் யுத்தத்தோடு தொழிற்சாலையும் நின்றது, யாழ்ப்பாணத்துக்கான ரயிலும் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போயின. பிறகு இந்தியக் கடனில் இர்கொன் நிறுவனம் வடக்குப் பாதையைத் திரும்பப் போட்டது. யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபர் 13 இலும் காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2 இலும் ரயில் வந்தது. ஆனால் புதுப் பாதை ஸ்ரேசனோடு முடிகிறது. தொழிற்சாலைக்குள் போன கிளையைத் திரும்பப் போடவில்லை.

முதலாவது யோசனை, தொழிற்சாலையைத் திறந்து கிளைப்பாதையையும் பழையபடி போடுவது. ஊரில் வயதானவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார்கள். அவர்களுடைய நியாயம் எனக்கு விளங்குகிறது. அந்தத் தொழிற்சாலைச் சம்பளத்தில் எத்தனையோ வீடுகள் எழும்பின, பிள்ளைகள் கம்பஸ் போனார்கள். சீமெந்து விற்றுப் பிழைக்கிற எனக்கும் அது ஆதாயம்தான். இன்று என் கடைக்கு வருவது புத்தளத்துச் சீமெந்தும் திருகோணமலைச் சீமெந்தும். மூன்றாவது இடத்திலிருந்தும் வந்தால் விலை பேச எனக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

இருந்தும் இந்த யோசனையை நான் ஏற்கவில்லை. காரணம் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கிறது. கிணற்றில் நாங்கள் அள்ளுவது அந்தப் படையைத்தான். சீமெந்துக்குத் தோண்டுவது தண்ணீரைத் தாங்கி நிற்கும் அதே கல்லை. சூளையில் சுட்டு எடுத்து, பிறகு சீமெந்தாக அரைக்கும் கட்டியைக் கிளிங்கர் என்பார்கள்; அது ஒரு தொன்னுக்குச் சுமார் ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக் கல் வேண்டும். கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் ஆழமாகத் தோண்டினால் உப்பு உள்ளே வரும். கீரிமலைப் பக்கம் போனவர்கள் பழைய கல்லுக்குழிகளைக் கண்டிருப்பார்கள், தோண்டிய இடமெல்லாம் தண்ணீர் நிற்கிறது. கடல் நீரைச் சுத்திகரித்துக் குடிக்கக் கொடுக்கும் நிலையம் ஒன்றை 2024 இல் தாளையடியில் திறந்திருக்கிறார்கள். குடிக்கிற தண்ணீருக்குக் கடலிடம் கை நீட்டும் ஊரில், கிணற்றின் அடிக்கல்லைப் பெயர்த்து சூளையில் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

சிலர் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். கல் தோண்ட வேண்டாம், கிளிங்கரை வெளிநாட்டிலிருந்து கப்பலில் இறக்கி அரைத்தால் போதும் என்கிறார்கள். காலியில் அப்படி அரைக்கும் ஆலை உண்டு, அதனால் நடக்காத காரியம் என்று சொல்ல முடியாது. ஆனால் கப்பலில் வருகிற சரக்கை கொழும்புக்குக் கிட்டவே இறக்கி அரைக்கலாம் என்றால், அதை காங்கேசன்துறையில் இறக்கி 400 கிலோமீற்றருக்கு மேல் தெற்கே இழுத்துவர ஒருவரும் காசு போட மாட்டார்கள். வடக்கின் தேவைக்கு மட்டும் அரைத்தால் லொறியே போதும், கிளைப்பாதைக்கு வேலையில்லை.

இரண்டாவது யோசனை, கிளைப்பாதையைத் தொழிற்சாலைக்கென்று போடாமல் துறைமுகத்துக்கும் வரப்போகும் கைத்தொழில் வலயத்துக்கும் பொதுவான சரக்குப் பாதையாகத் திருப்புவது. என் மனம் சாய்வது இந்தப் பக்கம்.

காங்கேசன்துறை ஸ்ரேசனில் இறங்கினால் துறைமுகம் நடக்கும் தூரம்தான். மூழ்கிக் கிடந்த கப்பல்களின் சிதைவுகளை யுத்தம் முடிந்த பிறகு இந்திய உதவியோடு அகற்றினார்கள். 2023 ஒக்டோபர் 14 இல் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது, இடையில் நின்று 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் மூன்று இடங்களிலும் கைத்தொழில் வலயம் அமைக்கப்போவதாக அரசாங்கமும் சொல்லிவருகிறது. மூன்றுமே வடக்கு ரயில் பாதையை ஒட்டிய இடங்கள். இவ்வளவும் இருந்தும் ஸ்ரேசனுக்கும் கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கும் நடுவில் தண்டவாளம் இல்லை.

தலைமன்னாரை நினைத்துப் பாருங்கள். 1914 இலிருந்து 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை, கொழும்பில் ரயில் ஏறியவர் தலைமன்னார் இறங்குதுறையில் இறங்கிக் கப்பலில் ஏறினார். தண்டவாளம் கப்பலின் காலடிவரை போனது. நடுவில் ஓட்டோ பிடிக்கும் வேலை இருக்கவில்லை.

சரக்குக் கணக்கையும் பார்ப்போம். பத்துத் தொன் லொறி ஒன்றில் 50 கிலோ பை 200 ஏறும். சரக்கு வண்டி ஒன்றுக்கு 20 தொன் என்று வைத்து 20 வண்டி கோத்தால் 400 தொன், அதாவது 8,000 பை. நாற்பது லொறி ஏ9 வீதியில் இரவிரவாக ஓடும் வேலையை ஒரு எஞ்சின் செய்துவிடும். நான் பேசுவது சீமெந்துப் பாரம் என்றாலும் வெங்காயத்துக்கும் இதே கணக்குத்தான். புறக்கோட்டையில் யாழ்ப்பாண வெங்காயம் விற்கும் என் சிநேகிதரின் லொறி ஒருமுறை மதவாச்சிக்குக் கிட்ட பழுதாகி இரண்டு நாள் வெயிலில் நின்றது. மூட்டையை அவிழ்த்தபோது அடி வரிசை முழுக்க முளைவிட்டிருந்தது.

இந்த யோசனையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். சரக்கு ரயில் இந்த நாட்டில் எங்கே உயிரோடு இருக்கிறது? திருகோணமலை சீனக்குடாவில் பிரீமா கோதுமை மா ஆலையிலிருந்து கொழும்புக்கு மா வருகிறது. கொலன்னாவையிலிருந்து எண்ணெய்த் தாங்கி வண்டிகள் போகின்றன. புத்தளம் சீமெந்து ஆலைக்கு அருவக்காலுச் சுண்ணாம்புக் கல் தனிப் பாதையில் வந்தது. எல்லாவற்றிலும் ஒரே வாடிக்கையாளர், ஒரே சரக்கு, தினமும் பாரம். பத்துப் பேரின் பத்து விதமான மூட்டையைச் சேர்த்து ஏற்றி, சொன்ன நாளில் இறக்கிக் கொடுக்கும் பழக்கம் எங்களிடம் அற்றுப்போய்விட்டது. மருதானையில் நாங்கள் கணக்குப் பார்த்துப் பாரம் எடுத்த நாட்கள் போய், இன்று என் வயதுக்குக் குறைந்த எந்த வியாபாரிக்கும் ரயிலில் சரக்குப் போடும் நடைமுறை தெரியாது. தண்டவாளத்தைப் போட்டுவிட்டு ஏற்றுவதற்கு ஆளில்லாமல் நின்றால் பத்து வருடத்தில் அதிலும் எருக்கலை முளைக்கும். பிரதான பாதையும் அடிக்கடி காலை வாரும். 2023 ஜனவரியிலிருந்து ஜூலைவரை அநுராதபுரத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் திருத்த வேலைக்காகப் பாதையை மூடினார்கள். அப்படி ஆறு மாதம் நின்றால் வெங்காய வியாபாரி லொறிக்குத் திரும்பிவிடுவார், பிறகு வரமாட்டார்.

நடைபாதையாக்குவது மூன்றாவது யோசனை. வெளிநாட்டில் இருந்து வந்து போகும் பிள்ளைகளுக்கு இது பிடித்திருக்கிறது. கடற்காற்று, கீரிமலைக் கேணி, நகுலேஸ்வரம், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் எல்லாம் பக்கத்தில் இருப்பதால் சைக்கிளில் சுற்ற அழகான இடம்தான். செலவும் குறைவு. ஆனால் அந்தக் கரையில் ஏற்கனவே உல்லாச விடுதி வந்துவிட்டது, ஊர்ச் சனத்தின் வேலைப் பிரச்சினை தீரவில்லை. நடைபாதை வேண்டுமானால் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஆறு அடி ஒதுக்கிப் போடலாம். அதற்காகத் தண்டவாளத்தின் இடத்தையே கேட்கத் தேவையில்லை.

நாலாவது யோசனையில் பேசுவதற்கு எனக்கு மற்ற எதையும்விடக் கூச்சம். நிலத்தைச் சனத்துக்குக் கொடுத்துவிடுங்கள் என்பது அது. காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் யுத்தத்தால் எழும்பியவர்கள் எத்தனை வருடம் முகாமிலும் உறவினர் வீட்டுத் திண்ணையிலும் கிடந்தார்கள் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். மயிலிட்டித் துறைமுகம் 2017 இல்தான் திரும்பக் கிடைத்தது. இன்னும் கிடைக்காத காணி இருக்கிறது. அப்படியிருக்க, பழைய தண்டவாளம் போன இடத்தைக் காப்பாற்றுங்கள் என்று கொழும்பில் இருந்துகொண்டு ஒருவன் எழுதினால் கோபம் வருவது நியாயம். நான் இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். இராணுவ வேலிக்குள் அடைபட்ட வீட்டுக் காணியும் தோட்டக் காணியும் உரியவர்களுக்கு நிபந்தனையில்லாமல் திரும்ப வேண்டும், ரயில் பாதைத் திட்டம் எதையும் அதற்குச் சாட்டாகக் காட்டக் கூடாது. தொழிற்சாலைக்கென்று முதலிலேயே எடுக்கப்பட்ட காணிக்குள் போன அந்த ஒடுங்கிய கீலம் மட்டும் வேறு. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் ஆளுக்கு ஒரு வீடு கட்டவும் காணாது, பாதைக்கும் உதவாது.

இதற்குக் கொழும்புக்காரர்களுக்குத் தெரிந்த உதாரணம் களனிவெளிப் பாதை. மருதானையிலிருந்து நாரஹேன்பிட்ட, நுகேகொட வழியாக அவிசாவளைக்குப் போகிற அந்தப் பாதை ஒருகாலத்தில் இரத்தினபுரியையும் தாண்டி ஓப்பநாயக்கவரை போனது. சின்னத் தண்டவாளம், இரண்டரை அடி அகலம். 1970களில் அவிசாவளைக்கு அப்பால் மூடிவிட்டார்கள். இப்போது இரத்தினபுரிக்கு ரயில் வேண்டும் என்று ஒவ்வொரு தேர்தலிலும் பேச்சு வருகிறது, பாதை போன இடத்தில் வீடும் வீதியும் வந்துவிட்டன. வெள்ளவத்தையில் எங்கள் லேனில் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர் ஐயா ஒருவர் இருக்கிறார். இந்தக் கதையை எடுத்தாலே அவருக்குக் குரல் உயரும். “தம்பி, றெயில் போட ஆறு மாசம் காணும். காணியை விட்டுட்டியள் எண்டால் உங்கட பேரப்பிள்ளையும் அதைத் திருப்பி எடுக்கேலாது” என்பார்.

ஒன்றும் செய்யாமல் விடுவது ஐந்தாவது வழி. இப்போது நடப்பது அதுதான், அதனால் அதை ஒரு யோசனையாக யாரும் எண்ணுவதில்லை. அதற்கும் விலை உண்டு. ஒவ்வொரு வருடமும் எல்லைக் கல் ஒன்று புதையும், வரைபடம் ஒன்று தொலையும், பாதை எங்கே போனது என்று கை நீட்டிக் காட்டக்கூடிய ஒருவர் கண்ணை மூடுவார். தொழிற்சாலையில் வேலை செய்தவர்களில் மிக இளையவருக்கே இப்போது ஐம்பதைத் தாண்டியிருக்கும்.

ஆகவே என் தெரிவு இரண்டாவது, ஆனால் படிப்படியாக. சூளை வேண்டாம், கல்லுக்குழி வேண்டாம். முதலில் நில அளவையாளரை அனுப்பிப் பழைய கிளைப்பாதையின் இரண்டு கரைக்கும் கல் நட்டு, ரயில்வே ஒதுக்கு நிலம் என்று பதிய வேண்டும். அதற்குத் தண்டவாளம் வாங்கும் காசு தேவையில்லை. அடுத்து, ஸ்ரேசனிலேயே ஒரு சரக்கு மேடையைத் திறந்து கிழமைக்கு ஒரு சரக்கு ரயில் விட்டுப் பார்க்கலாம். அது ஒரு வருடம் தவறாமல் ஓடி, துறைமுகத்தில் சரக்குக் கப்பலும் ஒழுங்காக வரத் தொடங்கினால், அந்தக் கல்லுகளுக்கு நடுவில் தண்டவாளத்தைப் போடலாம். கைத்தொழில் வலயத்தின் கேட்டையும் அந்தப் பாதையைப் பார்த்தபடி வைக்க வேண்டும். வலயத்தை வீதியைப் பார்த்துக் கட்டிவிட்டால், பிறகு எல்லாமே லொறிதான்.

அந்தக் கிழமைச் சரக்கு ரயில் ஓடினால் நான் ஒரு வண்டி எடுப்பேன். இங்கிருந்து கம்பியும் கூரை ஓடும் தகரமும் ஏற்றி அனுப்பலாம். திரும்பி வரும்போது வண்டி வெறுமையாக வரக் கூடாது என்று புறக்கோட்டைச் சிநேகிதரிடம் சொன்னேன். பாதி வண்டிக்கு வெங்காயம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மற்றப் பாதிக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.