சிக்கன் பெஸ்டோ சாண்ட்விச்: மின்சார கிரில்லா, இரும்புக் கல்லா?

வீட்டில் செய்கிற சிக்கன் பெஸ்டோ சாண்ட்விச் (பெஸ்டோ என்பது துளசி இனத்து பேசில் இலையை எண்ணெய், சீஸோடு அரைக்கிற இத்தாலியப் பச்சைச் சட்னி) மொறுமொறுவென்று வரவேண்டும் என்றால் என் ஓட்டு கனமான வார்ப்பிரும்புக் கல்லுக்குத்தான். மின்சார கிரில்லை ரொம்ப நாள் புழங்கிவிட்டுத்தான் கல்லுக்கு மாறினேன், அதனால் எது எந்த இடத்தில் கைகொடுக்கும், எந்த இடத்தில் காலை வாரும் என்று சொல்ல முடியும். அடுப்புத் தீயில் காட்டுகிற பழைய கை டோஸ்டரையும் சேர்த்துக்கொள்கிறேன், பல வீடுகளில் அது இன்னும் பரணில் இருக்கிறது.

கை டோஸ்டரைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். உருளைக்கிழங்கு மசாலாவுக்கு அது பிரமாதம். சிக்கன் துண்டு வைத்தால் சரியாக மூடாது, அழுத்தி மூடினால் பெஸ்டோவின் எண்ணெய் ஓரமாக வழிந்து தீயில் சொட்டிப் புகையும். நாலு ஓரமும் ஒட்டிக்கொள்வதால் உள்ளே கிளம்புகிற ஆவிக்குப் போக வழியில்லை, ஓரம் முறுகி நடுப்பகுதி நமுத்துவிடும். முக்கோணமாக வெட்டித் தருகிற சின்ன மின்சார சாண்ட்விச் மேக்கருக்கும் இதே கதைதான்.

மின்சார கிரில் நிச்சயம் நல்ல சாமான். மேலும் கீழும் ஒரே நேரத்தில் சூடு, திருப்பிப் போட வேண்டாம், கோடு கோடாகத் தடம் விழும், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையே செய்துகொள்ளும். ஆனால் சாதாரண மாடல்களில் மூடி பின்பக்கக் கீலில் நிற்கிறது. தடியான சாண்ட்விச் வைத்தால் பின்பக்கம் நசுங்கி, முன்பக்கம் தட்டு சரியாகத் தொடாமல் வெளுத்தே இருக்கும். சாண்ட்விச்சை இடையில் திருப்பி வைத்துச் சமாளிக்கலாம், அது பெரிய குறை இல்லை.

என்னை மாற்றியது சுத்தம் செய்கிற வேலை. பெஸ்டோ என்பதே எண்ணெயும் சீஸும்தான். அதன் சொந்த ஊரான ஜெனோவாவில் பேசில் இலை, பூண்டு, பைன் கொட்டை, கல்லுப்பு, பார்மிஜானோ, பெக்கொரினோ சீஸ் எல்லாம் சேர்த்துப் பளிங்கு உரலில் இடித்து ஆலிவ் எண்ணெய் விடுவார்கள். சூட்டில் அந்த எண்ணெய் பிரிந்து ரொட்டி ஓரமாக இறங்கும், கூடவே சீஸும் இலைத் துணுக்கும் போகும். கிரில் தட்டின் வரிப்பள்ளங்களில் அது உட்கார்ந்து இறுகிவிட்டால் ஈரத்துணிக்கு மசியாது. தட்டு கழற்ற முடியாத மாடல் என்றால் குழாயடியில் காட்டவும் முடியாது, உள்ளே மின்சாரக் கம்பி இருக்கிறது. கம்பி நார் போட்டுத் தேய்த்தால் நான்ஸ்டிக் பூச்சு போய்விடும் என்பதால் ஒவ்வொரு பள்ளமாக மரக்குச்சியால் நோண்ட வேண்டும். அதெல்லாம் செய்தாலும் கீல் பக்கம் தட்டுக்கும் பிளாஸ்டிக் உடம்புக்கும் நடுவில் இறங்கின எண்ணெயை எடுக்க வழியே கிடையாது. அது அங்கேயே கிடந்து பழசாகி, அடுத்த முறை சூடேறும்போது சிக்கு வாடையோடு புகைகிறது, புதிதாக அரைத்த பேசில் வாசம் அதில் அடிபட்டுப் போகிறது. பூச்சு ஒரு இடத்தில் உரிய ஆரம்பித்தால் சீஸ் அங்கேதான் முதலில் பிடிக்கும், அப்புறம் அந்த மெஷினைத் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கல்லில் இதே எண்ணெய் நமக்கு வேலை செய்து தருகிறது. சூட்டில் எண்ணெய் இறுகி மெல்லிய படலமாகப் படிவதுதான் கல் பழகுவது, ஆகவே வழிகிற பெஸ்டோவால் கல்லுக்குக் கேடில்லை. வெளியே ஒழுகின சீஸ் வலைமாதிரி முறுகி நிற்கும், தோசைத் திருப்பியால் சுரண்டி எடுத்து அப்படியே வாயில் போட்டுக்கொள்ளலாம். வெதுவெதுப்பு ஆறுவதற்குள் கல்லுப்பைப் போட்டுத் துணியால் தேய்த்து, அலசி, அடுப்பிலேயே ஈரம் போகக் காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் முடிந்தது. ஈரத்தோடு விட்டால் துரு பிடிக்கும், ஆனால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி பழக்கிக்கொள்ளலாம். ஒன்று மட்டும், தோசை வார்க்கிற கல்லில் இதைச் செய்யாதீர்கள். கோழி வாடை ஏறிவிடும், வீட்டில் சைவக்காரர்கள் இருந்தால் சங்கடம். தனிக் கல்லாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மொறுமொறுப்பிலும் கல்தான் முந்துகிறது. ஒரு பக்கம் மட்டும் சூடு, சுற்றிலும் திறப்பு, ஆவி தாராளமாக வெளியேறும். அழுத்தத்துக்கு மேலே கனமான சின்ன இரும்பு வாணலி ஒன்றைக் கவிழ்க்காமல் வைத்துவிடுவேன். இத்தாலியில் டஸ்கனிப் பக்கம் கோழியைச் செங்கல் வைத்து அழுத்திச் சுடுவதுண்டு, அதே உத்தி.

சிக்கனும் அதே கல்லில்தான். நெஞ்சுக்கறியைப் படுக்கைவாட்டில் இரண்டாகப் பிளந்து, ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி, உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் எலுமிச்சை. தயிரில் ஊறவைத்தால் ஈரம் கூடி ரொட்டியை நனைக்கும், இதற்கு வேண்டாம். கல்லில் போடுமுன் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம் போதும், வெப்பமானி இருந்தால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட்டதும் எடுத்து ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நாருக்குக் குறுக்கே நறுக்குங்கள். சுடச்சுட வைத்தால் சாறு இறங்கி அடி ரொட்டி குழைந்துவிடும்.

பெஸ்டோவை எண்ணெய் குறைத்துக் கெட்டியாக அரைக்க வேண்டும், பைன் கொட்டை விலைக்கு முந்திரி போதும். மிக்ஸி ஜாரைக் குளிரவைத்து விட்டு விட்டு ஓட்டினால் பச்சை நிறம் நிற்கும். அதை ரொட்டியில் நேராகத் தடவாமல் சிக்கன் மேல் பூசி, இரண்டு பக்க ரொட்டிக்கும் மொசரெல்லா சீஸை அணையாக வையுங்கள். வெளிப்பக்கம் வெண்ணெய், மிதமான தீ. எடுத்ததும் தட்டில் படுக்கவைக்காமல் கம்பி வலை மேல் இரண்டு நிமிடம் வைத்தால் அடிப்பக்கமும் மொறுமொறுப்பு விடாது.

தட்டு கழற்றிக் கழுவுகிற விலை கூடின கிரில்களை உறவினர் வீட்டில் அவ்வப்போது பார்த்ததோடு சரி, கழுவுவது சுலபமாகத்தான் இருந்தது, அதன் பூச்சு எத்தனை வருடம் உழைக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஒரே நேரத்தில் ஆறேழு பேருக்குச் செய்ய வேண்டிய வீடு, கேஸ் இல்லாத விடுதி அறை என்றால் அதையே வாங்குங்கள். இன்டக்‌ஷன் அடுப்பு உள்ளவர்களுக்கும் கல் ஒத்துவரும், அடி தட்டையாக இருக்க வேண்டும், சூட்டைச் சின்னதில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுங்கள், கண்ணாடி மேல் கல்லை இழுக்காமல் தூக்கி வையுங்கள்.