ஒவ்வொருவராக வந்து சேரும் இசை: 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' முழுத்தொகுப்பு

அமெரிக்க ராக் இசைக்குழுவான டாக்கிங் ஹெட்ஸின் 'ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்' தொகுப்பை நான் முதலில் கேட்டது, வளைகுடாவில் வேலை பார்த்துவந்த என் தாய்மாமா தக்கலைக்குக் கொண்டுவந்த ஒலிநாடாவில்தான். 1984இல் வெளியான அந்தத் தொகுப்பில் 9 பாடல்களே இருந்தன. நாடா தேயும்வரை அதைக் கேட்டிருக்கிறேன் என்றாலும், முதல் பாடலுக்கும் இரண்டாம் பாடலுக்கும் நடுவில் எதையோ வெட்டி எறிந்துவிட்டார்கள் என்ற உறுத்தல் எனக்கு எப்போதும் இருந்தது. பல ஆண்டுகள் கழித்து, அதே பெயரில் ஜோனதன் டெம்மி இயக்கிய கச்சேரிப் படத்தைப் பார்த்தபோதுதான் அந்த உறுத்தலின் காரணம் விளங்கியது. 2023இல் 18 பாடல்களோடு வெளிவந்த இரட்டை இசைத்தட்டை அண்மையில் வாங்கி, மழை விடாமல் பெய்த இரண்டு மாலைகளில் முழுவதுமாகக் கேட்டு முடித்தேன். அட்டையின் ஒரு மூலை மடங்கி வந்து சேர்ந்தது; தட்டுகளுக்குச் சேதமில்லை.

1983 டிசம்பரில் ஹாலிவுட்டின் பான்டேஜஸ் அரங்கில் சில இரவுகள் நடந்த கச்சேரிகளிலிருந்து உருவானது இந்தப் படம். வெறும் மேடையில் குழுவின் முதன்மைப் பாடகர் டேவிட் பைர்ன் தனியாக நடந்து வந்து, ஒரு டேப் ரெக்கார்டரைத் தரையில் வைத்து, கிட்டாரோடு 'சைக்கோ கில்லர்' பாடுகிறார். அடுத்த பாடலான 'ஹெவன்' தொடங்கும்போது டீனா வேமவுத் பேஸ் கிட்டாரோடு சேர்கிறார். மூன்றாவதில் கிறிஸ் ஃபிரான்ட்ஸ் டிரம்ஸில் அமர்கிறார். நான்காவதில் ஜெர்ரி ஹாரிசன் வருகிறார். தாளக்கருவிக்கு ஸ்டீவ் ஸ்கேல்ஸ், பின்பாட்டுக்கு லின் மேப்ரி, எட்னா ஹோல்ட், கிட்டாருக்கு அலெக்ஸ் வெயர், கீபோர்டுக்கு பெர்னி வொரல் என்று ஆள் கூடிக்கொண்டே போய், 'பர்னிங் டவுன் த ஹவுஸ்' பாடலுக்குள் மேடையில் ஒன்பது பேர் நிறைந்துவிடுகிறார்கள். வெற்றிடத்திலிருந்து பெருமுழக்கம்வரை ஏறும் இந்தப் படிக்கட்டுதான் அந்தக் கச்சேரியின் உயிர். 1984ஆம் ஆண்டுத் தொகுப்போ 'சைக்கோ கில்லர்' முடிந்ததும் நேரே 'ஸ்வாம்ப்' பாடலுக்குத் தாவிவிடுகிறது. தனிக் கிட்டார் ஓய்ந்த மறுகணமே முழுக்குழுவும் முழங்குகிறது. என் பழைய உறுத்தல் அங்கேதான் இருந்தது.

1999இல் 16 பாடல்களோடு வந்த மறுபதிப்பே அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்துவிட்டது. புதிய பதிப்பில் கூடுதலாகச் சேர்ந்திருப்பவை, திரையரங்குப் படத்தில் இடம்பெறாத 'சிட்டீஸ்' பாடலும், 'பிக் பிசினஸ்', 'ஐ ஸிம்ப்ரா' ஆகிய இரண்டையும் இணைத்துப் பாடியதும்தான். அவற்றுக்காக மட்டும் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் இசைத்தட்டின் முதல் பக்கத்தை இருந்த இடத்தை விட்டு எழாமல் கேட்பது வேறோர் அனுபவம். 'ஹெவன்' பாடலில் கிட்டாரும் பேஸும் மட்டுமே ஒலிக்க, மேடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண்குரல் பைர்னின் குரலோடு இழைந்து வருகிறது. ஒலிப்பெருக்கியின் முன்னால் கண்ணை மூடி அமர்ந்திருப்பவருக்கு அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியே எழுவதில்லை. அந்த இடத்தில் படத்தைவிட இசைத்தட்டு எனக்கு நெருக்கமாகிறது.

'ஸ்லிப்பரி பீப்பிள்' பாடலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பைர்ன் ஓரடியைக் கேள்வியாக எறிய, மேப்ரியும் ஹோல்ட்டும் அதை வாங்கித் திருப்பிப் பாடுகிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பதிலின் அழுத்தம் கூடுகிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு மரபிலிருந்து வந்த முறை அது. நம் குமரி மாவட்டத்தில் அம்மன் கொடைக்கு வில்லடி (வில்லுப்பாட்டு) கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாங்கிப் பாடுதலைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. புலவர் அடியெடுத்துக் கொடுக்க, பின்பாட்டுக்காரர்கள் அதை ஏந்திக்கொள்ள, குடத்தின் வாயில் பத்தி என்னும் மட்டை அறையும் ஓசை நெஞ்சுக்குள் இறங்கும். அதே இடத்தில்தான் வேமவுத்தின் பேஸும் வந்து இறங்குகிறது. இரண்டு மரபுகளுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் கேட்கும் உடம்பு இரண்டுக்கும் ஒரே மாதிரி அசைந்து கொடுக்கிறது.

கச்சேரியை 24 தடங்களில் டிஜிட்டல் முறையில் பதிவு செய்தது அந்தக் காலத்தில் புதுமையாக இருந்தது. அதன் பலன் இன்றும் தெளிவாகக் கேட்கிறது. 'வாட் எ டே தட் வாஸ்' பாடலில் இரண்டு கிட்டார்களும் வொரலின் கீபோர்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஓடினாலும், எந்த இழையையும் தனியே பிரித்துப் பின்தொடர முடிகிறது. ரசிகர்களின் ஆரவாரமும் இசையை மூழ்கடிப்பதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. 'சைக்கோ கில்லர்' பாடலின் பிற்பகுதியில் தாள இயந்திரம் படபடவென்று வெடிக்கும்போது, படத்தில் பைர்ன் குண்டடி பட்டவர்போல் மேடை முழுவதும் தடுமாறுகிறார். தட்டில் அந்த வெடிப்பு பொருளற்ற இரைச்சலாகவே மிஞ்சுகிறது. 'திஸ் மஸ்ட் பி த பிளேஸ்' பாடலில் அவர் ஒரு நிலைவிளக்கோடு ஆடும் ஆட்டமும் நமக்குக் கிடைப்பதில்லை, ஆனால் அந்தப் பாட்டின் கனிவு காட்சியில்லாமலேயே முழுமையாக வந்து சேர்ந்துவிடுகிறது. 'ஜீனியஸ் ஆஃப் லவ்' பாடலின் நிலை அப்படியில்லை. வேமவுத்தும் ஃபிரான்ட்ஸும் தங்களுடைய டாம் டாம் கிளப் குழுவுக்காக ஆக்கிய அந்தப் பாடலை மேடையில் பாடும் நேரத்தில்தான், பைர்ன் பின்னால் சென்று அளவுக்கு மீறி அகன்ற, புகழ்பெற்ற அந்தக் கோட்-சூட்டை அணிந்து வருகிறார். படத்தில் அது அழகான இடைவேளை. தட்டிலோ அதுவரை ஏறிவந்த வேகம் அங்கே தொய்கிறது. நல்ல பாடல்தான், இடம்தான் பொருந்தவில்லை.

அந்தத் தொய்வை 'டேக் மீ டு த ரிவர்' முழுவதுமாக ஈடுகட்டிவிடுகிறது. ஆல் கிரீன் 1974இல் பாடிய இந்தப் பாடலைக் குழு அவசரமே இல்லாமல் மெல்ல மெல்ல விரிக்கிறது. குழுவினரின் பெயர்களை பைர்ன் அறிவிப்பதும் இதில்தான். நம் ஊர்த் தேவாலயப் பாடகர் குழுக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்துப் பழகிய இளைஞர்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்ட விரும்பும் பாடல் இதுதான். ஒன்பது பேரில் ஒருவர்கூட அடுத்தவரின் இடத்துக்குள் நுழைவதில்லை. தன் முறை வரும்வரை ஒவ்வொருவரும் காத்திருக்கிறார்கள்.

முதல்முறை கேட்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு இசைத்தட்டுக்கு வருவது நல்லது. படத்தின் நீளம் 88 நிமிடங்கள்தான். பிறகு தட்டைப் போடும்போது, பழக்கமான பாடலைத் தேடி நேரே 'ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்' பக்கத்துக்குப் போய்விடாமல், முதல் பக்கத்தின் தனிக் கிட்டாரிலிருந்தே தொடங்குங்கள்.