குலை நிறுக்கும் கொட்டகையில் பைத்தானும் கோ மொழியும்

எங்கள் மாமா மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறு தோட்டக்காரர்களிடம் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வாங்கி ஆலைக்கு அனுப்புகிறார். லாரி வரும், நிறுப்பார்கள், ரசீது கொடுப்பார்கள், மாதக் கடைசியில் யாருக்கு எத்தனை வெள்ளி (ரிங்கிட்) என்று கணக்கு முடிப்பார்கள். அதற்கான கணினி நிரலை 2014 முதல் நான்தான் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன். எந்த நிரல் மொழியில் தொடங்கலாம் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு என் அனுபவம் உதவலாம்.

முதலில் பைத்தான் 2. மூன்றே இரவில் ஓடியது. ஆனால் தமிழ்ப் பெயரைத் தட்டினால் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்குமான குறியீட்டு முறை) பிழை காட்டி நின்றுவிடும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-இல் முடிந்தது, அதற்கு முந்தைய தீபாவளி விடுமுறையில் பைத்தான் 3-க்கு மாற்றினேன், அந்தத் தொல்லை ஒழிந்தது.

பெரிய பாடு கொட்டகைக் கணினியோடுதான். விண்டோஸ் 7, இணையம் கிடையாது. அதில் ஓடும் கடைசிப் பைத்தான் 3.8. நூலகங்களை, அதாவது பிறர் எழுதிவைத்த துணை நிரல்களை, பென்டிரைவில் ஏற்றி ஈப்போவிலிருந்து கொண்டுபோவேன், ஒன்றை நிறுவினால் அது இன்னொன்றைக் கேட்கும். ஒருமுறை கணினி பழுதாகி வேறொன்று வைத்தோம், குலை வரத்து அதிகமான வாரம், எல்லாவற்றையும் மறுபடி நிறுவி முடிக்க ஒன்றரை நாள் ஆனது, அதுவரை கிராணி (எழுத்தர்) அக்கா கையாலேயே ரசீது எழுதினார், லாரிகள் வெயிலில் வரிசையாக நின்றன. பறித்த குலை காத்திருக்கக் காத்திருக்க எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் இறங்கும். அந்த நட்டம் தோட்டக்காரர் தலையில்தான் விழும். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

2021-இல் கோ மொழிக்கு மாறினேன். நிரல் முழுவதும் ஒரே கோப்பு. என் லினக்ஸ் மடிக்கணினியிலேயே விண்டோஸுக்கான கோப்பைத் தயாரித்துவிடலாம், பென்டிரைவிலிருந்து நகலெடுத்தால் போதும், ஓடும். இப்போது அக்காவே செய்துகொள்கிறார்.

குறைகளும் உண்டு. அடிக்கு அடி பிழை வந்ததா என்று பார்த்து எழுத வேண்டும், பைத்தானில் 10 வரியில் முடிவது இதில் 30 ஆகிறது. அப்புறம், 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் பைத்தான் 3 இகரக் குறியையும் புள்ளியையும் தனியாக எண்ணி 5 என்று சொல்லும், கோ பைட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும், நம் கணக்கில் எழுத்து 3. ரசீதில் பெயர்ப் பத்தி கோணிக்கொண்டு போனது இதனால்தான். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையை 1992-இல் வடிவமைத்த கென் தாம்சனும் ராப் பைக்கும் கோ மொழியை உருவாக்கிய மூவரில் இருவர், இருந்தும் எழுத்தாக எண்ணத் தனி நூலகம் சேர்க்கத்தான் வேண்டியிருந்தது.

எந்த மொழியானாலும் பணத்தைத் தசமப் புள்ளி எண்ணில் (float) வைக்காதீர்கள், சென் (வெள்ளியில் நூறில் ஒரு பங்கு) கணக்கில் முழு எண்ணாக வையுங்கள். 2008 ஏப்ரலிலிருந்து ரொக்கத்துக்கு உள்ள, அருகிலுள்ள 5 சென்னுக்கு முழுமையாக்கும் முறையைக் கடைசித் தொகையில் மட்டும் செய்யுங்கள். வரிக்கு வரி செய்தால் மாதக் கணக்கு உதைக்கும்.

கோ 1.21 விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டதால் 1.20-லேயே நிற்கிறேன். கணினியை மாற்றச் சொல்லி மாமாவிடம் பேசிவிட்டேன், சரி என்றார். மாத அறிக்கைகளை மட்டும் என் மடிக்கணினியில் இன்றும் பைத்தானில்தான் எடுக்கிறேன், அதை விடும் எண்ணம் இல்லை.