தூரத்திலிருந்து சொல்லும் பிசியோதெரபி: தாளா, வீடியோவா, ஆப்பா, போன் அழைப்பா?

முற்றிய புற்றுநோயோ நாள்பட்ட நுரையீரல் நோயோ உள்ளவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதிலேயே அன்றைய தெம்பெல்லாம் தீர்ந்துவிடும். பிசியோதெரபிஸ்ட் தூரத்திலிருந்தே பயிற்சி சொல்லித் தருவது அவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் ஓரிரு வாரத்தில் பயிற்சி நின்றுபோகிறது. மறந்துவிட்டார் என்று வீட்டார் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் மறதி இல்லை. நேற்று பத்து முறை எழுந்து உட்கார்ந்தவருக்கு இன்று வலி, மூச்சுவாங்கல், வாந்தி. இரண்டு முறைகூட முடியாது. பத்து என்று எழுதியிருப்பதால் இரண்டைச் செய்யாமல் மொத்தமாகவே விட்டுவிடுகிறார். ஆகவே ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: முடியாத நாளில் பயிற்சியைக் குறைத்துக் கொடுக்க இதற்குத் தெரியுமா?

அச்சிட்ட தாளுக்கு நெட் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினால் பகலில் பார்த்துக்கொள்ளும் மருமகளும் இரவில் இருக்கும் மகனும் ஒன்றையே பார்க்கலாம். குறை, அது எல்லா நாளுக்கும் ஒன்றையே சொல்வது. அதற்கு வழி உண்டு. தாளை இரண்டாகப் பிரித்துப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ‘நல்ல நாள்’ பக்கம்: நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுவது, வாசல்வரை நடப்பது. ‘முடியாத நாள்’ பக்கம்: படுத்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சு விடுவது. இரண்டாவது பக்கத்தைச் செய்தாலும் அன்றைய பயிற்சி முடிந்தது என்று தாளிலேயே இருக்கட்டும்.

வாட்ஸ்அப் வீடியோவில் இரண்டு ரகம். திடகாத்திரமான இளைஞர் பாய் விரித்துச் செய்துகாட்டும் பொது வீடியோவைப் பார்த்தால் நோயாளிக்கு மனம் விட்டுப்போகும். முதல் நாள் அவர் வீட்டில், அவர் கட்டிலிலேயே, அவர் செய்வதை எடுத்த ஒரு நிமிட வீடியோ நன்றாக வேலை செய்யும். ஆனால் அது மகனின் போனில் இருந்தால் மகனோடு வேலைக்குப் போய்விடும்.

ஆப் விஷயத்தில் எனக்குத் தயக்கம் அதிகம். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து தேறுபவருக்கு அலாரமும் ஏறிக்கொண்டே போகும் வரைபடமும் உற்சாகம் தரும். முற்றிய நோயில் நன்றாகக் கவனித்துக்கொண்டாலும் வரைபடம் இறங்கத்தான் செய்யும். உடல் தளர்வதைத் தினமும் திரையில் காட்டி யாருக்கு என்ன பயன்? தானாகவே விரும்பிக் கேட்கும் இளவயது நோயாளிக்கு மட்டும் கொடுக்கலாம்.

வீடியோ அழைப்பில் நிற்கும் விதம், மூச்சிரைப்பு எல்லாம் தெரியும். தொடக்கத்திலும் பயிற்சியை மாற்றும்போதும் அது அவசியம். தினப்படிக்கு ஒத்துவராது. முடி கொட்டிய முகத்தைக் காட்டத் தயங்குபவர்கள் உண்டு. கேமராவைக் காலுக்கு மட்டும் திருப்பினாலே போதும்.

என் தேர்வு சாதாரண போன் அழைப்பு. நர்ஸோ, பயிற்சி பெற்ற தன்னார்வலரோ வாரத்தில் இரண்டு மூன்று முறை கூப்பிட்டுப் பேசுவது. எப்படிக் கேட்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “எக்சர்சைஸ் செஞ்சீங்களா?” என்றால் “செஞ்சேன்மா” என்று பதில் வரும், செய்யாவிட்டாலும். “ராத்திரி தூங்குனீங்களா ஐயா? இன்னிக்கு எந்தப் பக்கம் பார்க்கலாம்?” என்றால் உண்மை வரும். நேரத்தையும் சரிசெய்யலாம். உடனடியாக வேலை செய்யும் மார்ஃபின் என்ற வலி மாத்திரை எடுப்பவருக்கு, அதைப் போட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்து, அது நன்றாகப் பிடித்திருக்கும்போது பயிற்சியை வைத்தால் வலி குறுக்கே வராது. தூக்கக் கலக்கமோ தலைசுற்றலோ இருந்தால் எழுந்து நிற்கும் பயிற்சி மட்டும் வேண்டாம். ஆபத்தும் பேச்சில்தான் பிடிபடும். புற்றுநோயாளி புதிதாக முதுகு வலிக்கிறது, கால் துவளுகிறது, சிறுநீர் பிரியவில்லை என்றால் தண்டுவடம் அழுந்துகிறதோ என்று பார்க்க வேண்டும். பயிற்சியை நிறுத்தி அன்றே டாக்டரிடம் போக வேண்டும். தாளும் அலாரமும் இதைக் கண்டுபிடிக்காது.

இதற்கு ஆள் வேண்டுமே என்பது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும், முற்றிய நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் இருக்கின்றன. கேரளத்தில் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களே பயிற்சி பெற்று இப்படிப்பட்ட நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். நேரில் ஒருமுறை பார்த்துச் சொல்லித் தந்து, சுவரில் இரண்டு பக்கத் தாளை ஒட்டி, பிறகு போனில் தொடர்வதற்குப் பெரிய செலவு இல்லை.

கடைசி வாரங்களில் பயிற்சியை நிறுத்தச் சொல்வதும் போனில் பேசும் அந்தக் குரலின் பொறுப்புதான். “இனிமே எந்திரிச்சு நிக்க வேண்டாம் ஐயா” என்று நோயாளியிடமும், வலிக்காமல் புரட்டிப் படுக்கவைப்பது, கைகால்களை மெல்ல அசைத்துவிடுவது எப்படி என்று வீட்டாரிடமும் தெளிவாகச் சொல்ல வேண்டும். யாரும் சொல்லாவிட்டால், நாம்தான் விட்டுவிட்டோம் என்ற குற்றவுணர்வோடு அந்தக் குடும்பம் தவிக்கும்.