லைட்மேப்பா, ஸ்கிரீன் ஸ்பேஸ் ஜிஐயா?

கேம் செய்யப் பழகும் தம்பிமார் இரண்டு பேர், ஒரு பரப்பில் பட்டுத் தெறித்து வரும் வெளிச்சத்துக்கு (ஜிஐ, அதாவது குளோபல் இலுமினேஷன்) இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்டார்கள். நான் சோதித்தது ஒரு கிளிநொச்சி வீட்டை வைத்து: சிவப்பு மண் முற்றம், வெள்ளை அடித்த சுவர். மத்தியான வெயிலில் சுவரின் அடிப்பக்கம் மண்ணின் சிவப்பை லேசாக வாங்கும். அது வரவேண்டும்.

செலவு
லைட்மேப்: வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு டெக்ஸ்சரில் (பரப்பின் மேல் ஒட்டும் படத்தில்) வைத்துவிடும். பழைய போனும் தாங்கும்.
ஸ்கிரீன் ஸ்பேஸ்: ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புதுக் கணக்கு. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒன்றுக்குக் கிடைப்பதே 16.6 மில்லி செகண்ட். அதிலும் பங்கு கேட்கும். பாதி ரெசலூஷனில் ஓட்டலாம், ஆனால் புள்ளி புள்ளியாகத் தெரியும், வடிகட்ட வேண்டும்.

தோற்றம்
லைட்மேப்: சிவப்பு அப்படியே நிற்கும்.
ஸ்கிரீன் ஸ்பேஸ்: திரையில் இருப்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். கேமராவைக் கூரைப் பக்கம் நிமிர்த்தினேன். முற்றம் மறைந்ததும் சுவரின் சிவப்பும் போய்விட்டது!

மாற்றம்
லைட்மேப்: சூரியனை நகர்த்தினால் மறுபடி பேக், அதாவது அந்தக் கணக்கைத் திரும்பப் போடவேண்டும். ஒருநாள் இரவு பாதியில் கரண்ட் போய், விடிய எழும்பி முதலிலிருந்து தொடங்கினேன்.
ஸ்கிரீன் ஸ்பேஸ்: உடனே மாறும்.

அசையாத வீடு, போன் கேம் என்றால் லைட்மேப்தான். பகல் இரவு மாறவேண்டும், நல்ல கிராபிக்ஸ் கார்டும் இருக்கிறது என்றால் மற்றது. அப்புறம், முற்றத்தில் ஓடித்திரியும் ஆட்டுக்கு லைட்மேப் உதவாது. லைட் ப்ரோப் (அந்தந்த இடத்து வெளிச்சத்தைக் குறித்துவைக்கும் புள்ளி) வைக்கவேண்டும்.